சாம்பல் தூவப்படவில்லை

போன மாதம் ஒரு காலை, பூஜையை முடித்துவிட்டு இட்லிக்கு உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆராய்ச்சி மாணவி. பெயர் தர்ஷினி என்றது.

"வைத்திலிங்கம் ஐயாதானே? ஒரு சந்தேகம் கேக்கணும். நம்ம லேப்ல இருந்து வந்த தீசிஸ் எல்லாத்துலயும் ஒரு வரி இருக்கு. 'சோதனைக் காலம் முழுவதும் செடிகளின் மேல் சாம்பலோ வேறு எந்தத் தூளோ தூவப்படவில்லை'ன்னு. வேற ஊர் லேப்ல யாரும் இப்படி எழுதுறதில்ல. நாங்க ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிக்கிட்டு வர்றோம். எதுக்குன்னு பழைய ஆளுங்ககிட்ட கேட்டா, 'வைத்திலிங்கத்தைக் கேளு'ன்னுட்டு சிரிக்கிறாங்க."

அந்தப் பெண் தொடர்ந்தது.

"இப்ப வெள்ளை ஈ ரூமையும் மூடிட்டாங்க ஐயா. முளைவிட்ட விதையில ஊசியால குத்தி வைரஸை ஏத்திடுறோம். ஈயே கிடையாது. அந்த வரியை எடுத்துடலாமா?"

எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவி தனம் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. சட்னிக் கரண்டியோடு வாயைப் பொத்திக்கொண்டாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதினால் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

அந்த வரிக்குக் காரணம் நான்தான்.

நான் பத்தாம் வகுப்பு. அதிலும் கணக்கு இரண்டாம் தடவைதான் தேறியது. பாபநாசம் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்த என்னைத் தினக்கூலியாகத் தொட்டிக்கு மண் அள்ளப் போட்டார்கள். சில வருஷத்தில் உதவியாளராக நிரந்தரம் செய்தார்கள். உளுந்துக்கு வரும் மஞ்சள் தேமல் நோய்தான் எங்கள் பிரிவு. அந்த நோயைக் கொண்டுவருவது ஒரு வைரஸ். அதைச் செடிக்குச் செடி சுமப்பது வெள்ளை ஈ. கடுகை விடச் சின்னது, இலைக்கு அடியில் உட்காரும். நோயை ஆராய வேண்டுமென்றால் நோய் வேண்டும், நோய் வேண்டுமென்றால் ஈ வேண்டும். ஊரே மருந்தடித்து விரட்டும் ஈயை, கத்தரிச் செடி வைத்துக் கொடுத்து, கொசுவலைக் கூண்டுக்குள் வளர்ப்பது என் உத்தியோகம். உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் நான் "விவசாய ஆராய்ச்சியில இருக்கேன்" என்பேன். தனம் பக்கத்திலிருந்து, "ஈ மேய்க்கிறாங்க" என்பாள்.

மேய்ப்பதும் சுலபமில்லை. ஈயைக் கையால் பிடிக்க முடியாது, நசுங்கிவிடும். ஒரு கண்ணாடிக் குழாய், அதன் பின்னால் ரப்பர் குழாய், நடுவில் துணி வலை. இலையை மெதுவாகத் திருப்பி, ரப்பர் முனையை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சினால் ஈ குழாய்க்குள் வந்து உட்காரும். ஒரு நாற்றுக்குப் பத்து ஈ. பத்து நாற்றுக்கு நூறு. ஒரு வெள்ளிக்கிழமை துணி வலை கிழிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வெள்ளி, செவ்வாய் கவுச்சி தொடாதவன் நான். அன்று இருபது ஈயை விழுங்கிவிட்டேன். நாலு தடவை வாய் கொப்பளித்துவிட்டு, சாமியிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு, மீதி எண்பதைப் பிடித்தேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் கலியபெருமாள் சார். ஒல்லியான மனிதர். சட்டைக் கையை முழங்கை வரை ஒரே அளவாக மடித்திருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தோட்டக்கூலி ஆளிலிருந்து இயக்குநர் வரை எல்லாருக்கும் "ங்க"தான். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சத்தத்துக்குப் பதிலாக அவரிடம் ஒரு கேள்வி இருந்தது.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேட்டார். "வைத்திலிங்கம், நாலாங்கூண்டுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

"ஆச்சுங்க சார்."

"பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

யோசித்தேன். ஊற்றச் சொல்லி ஒரு பெண்ணிடம் சொல்லியிருந்தேன். அந்த அம்மா ஊற்றியிருக்கும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் மண் வெடித்துக் கிடந்தது.

மறுநாள் எனக்கு ஒரு நோட்டு கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் பென்சிலால் அவரே ஒரு கோடு போட்டிருந்தார். இடது பக்கம் 'பார்த்தது'. வலது பக்கம் 'நினைத்தது'. கூண்டு பற்றி எதை எழுதினாலும் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துதான் எழுத வேண்டும். முதல் மாதம் என் இடது பக்கம் காலியாகவே கிடந்தது. அவ்வளவு நாள் நான் எதையுமே பார்க்காமல்தான் வாழ்ந்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மைக்ரோஸ்கோப்பிலும் அவர்தான் என்னைப் பார்க்க வைத்தார். உதவியாளர்களை யாரும் அதன் பக்கத்தில் விடுவதில்லை. சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நீங்க வளர்க்குற செடிக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க பார்க்க வேணாமா? பாருங்க. என்ன தெரியுது?"

"கறுப்பா கோடு கோடா இருக்கு சார். ஆடுது."

"அது உங்க கண்ணிமை. கொஞ்சம் பின்னாடி வாங்க."

பின்னால் வந்தேன். கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. செங்கல் அடுக்கியது போல அறை அறையாக இலையின் செல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு உருண்டை. அதுதான் உட்கரு, செடி எப்படி வளர வேண்டும் என்ற எழுத்தெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்றார். அந்த உருண்டைக்குள் பார்த்தால் அடர்த்தியாக ஒரு பெரிய புள்ளி, அதை ஒட்டி ஒன்றிரண்டு குட்டிப் புள்ளிகள். வெளிநாட்டுப் பெயர்கள் சொன்னார். எனக்குப் பெரிய புள்ளி, சின்னப் புள்ளி என்றே நின்றுவிட்டது.

"இந்தப் புள்ளிக்குச் சுவர் கிடையாதுங்க. வேலை இருந்தா கூடும். வேலை இல்லேன்னா கலைஞ்சிடும்."

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் ஊர்க் கோயில் அன்னதானத்தில் சமையலறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. மண்டபத்தில் நாலு பேர் அடுப்பைக் கூட்டி, காய் நறுக்க எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தால் அதுதான் சமையலறை. பந்தி முடிந்தால் வெறும் மண்டபம். சாரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அப்படியே வெச்சுக்குங்க" என்றார்.

அப்புறம் நோய் பிடித்த இலையைக் காட்டினார். வைரஸின் ஒரு பொருள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி சாயம் ஏற்றியிருந்தார்கள். பச்சை நேராக உட்கருவுக்குள் போய், பெரிய புள்ளியின் மேல் அப்பியிருந்தது. சின்னப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன.

"இந்த வைரஸ் கையில ஒண்ணுமில்லாம வருதுங்க. எல்லா வேலையையும் செடியோட ஆளுங்களை வெச்சேதான் செஞ்சுக்கணும். அந்த ஆளுங்க கூடுற இடம் இந்தப் புள்ளிங்க. அதனால அங்க போவுது. ஆனா வைரஸைப் பிடிச்சு அடக்குற செடியோட ஆளுங்களும் அங்கதான் நிக்குறாங்கன்னு சொல்றாங்க. திருடனும் போலீசும் ஒரே டீக்கடைக்கு வர்ற மாதிரி. டீக்கடை யார் கையில இருக்குங்கிறதுதான் நம்ம கேள்வி."

இதை வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அன்றைக்கு என் மச்சினன் கோவிந்தராசு வந்திருந்தான். சம்பா அறுப்புக்கு முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்து, மிச்ச ஈரத்தில் அதை விளைவிக்கிறவன்.

"புள்ளியை எண்ணி என்ன மாமா பண்ணுவீங்க?"

"எண்ணினாத்தான் வைரஸ் உள்ள என்ன செய்யுதுன்னு தெரியும்."

"அது என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியும். உளுந்தை மஞ்சளாக்குது. வயலுக்கு வாங்க, கண்ணாடி இல்லாமலே காட்டுறேன்."

தனம் தம்பிக்கு இன்னொரு தோசை போட்டாள். எனக்குப் போடவில்லை.

இனி அந்த வரியின் கதை. எங்கள் பிரிவுக்கு ஆராய்ச்சி மாணவியாக ரஹ்மத் நிஷா வந்தது. முத்துப்பேட்டைப் பக்கம். அத்தா சவுதியில். வீட்டில் முதன்முதலாகப் படித்த பெண். நான் நிஷா பாப்பா என்பேன், அது என்னை வைத்தி அண்ணே என்னும், எனக்கு அதன் அத்தாவை விட வயது அதிகம் என்றாலும். பாப்பாவின் கேள்வி சார் சொன்ன டீக்கடைக் கேள்விதான். நோய் தாங்கும் செடி எதிலாவது அந்தச் சின்னப் புள்ளிகள் கலையாமல் நிற்கின்றனவா, நின்றால் அங்கே வைரஸுக்கு என்ன ஆகிறது?

அதற்குப் பத்து ரகம் உளுந்தை எடுத்தது. பத்துக் கூண்டு. ஒவ்வொரு கூண்டிலும் நாற்று வைத்து, வெள்ளிக்கிழமை காலை நோய் சுமக்கும் ஈயை விட்டு, மறுநாள் ஈயை அப்புறப்படுத்தி, பத்துப் பதினைந்து நாளில் எது மஞ்சளாகிறது என்று பார்ப்பது. அப்புறம் இலையைச் சீவி, சாயம் ஏற்றி, புள்ளியை எண்ணுவது. இரண்டு பருவம் போய்விட்டது. எல்லா ரகமும் பாரபட்சமில்லாமல் மஞ்சளாயின. பாப்பா சேர்ந்து மூன்று வருஷம் முடிந்து கையில் ஒன்றும் இல்லை. இனி அதற்கு இருந்தது ஒன்றரை வருஷ அவகாசம். அதற்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் பட்டம் இல்லாமல் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். வீட்டில் ஏற்கெனவே, "படிச்சது போதும்" என்று ஆரம்பித்திருந்தார்கள்.

கடைசியாக, எங்கிருந்தோ சேகரித்த காட்டு உளுந்தோடு ஒட்டிய ஒரு ரகம் வந்தது. அதை ஒன்பதாம் கூண்டில், பழைய ரகத்துக்குப் பதிலாக வைத்தோம்.

"வைத்தி அண்ணே, ஒன்பது மட்டும் மஞ்சளாகாம நின்னுடுச்சுன்னா போதும். நானும் தொழுது துவா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். நீங்களும் உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா? என் பெயரே வைத்திலிங்கம். எங்கள் குலசாமி வைத்தீஸ்வரன் கோயிலில் இருக்கிறார். நோய் தீர்க்கவே உட்கார்ந்திருக்கிற சாமி. அந்த ஞாயிற்றுக்கிழமையே மயிலாடுதுறை போய், அங்கிருந்து கோயிலுக்குப் போய், ஒன்பதாம் நம்பர் உளுந்தின் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். விதைத்தது ரோகிணியில் என்பதால் ரோகிணி என்றேன். திருநீறு ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன்.

வீட்டில் குழந்தைக்குச் சுரம் என்றால் என்ன செய்வோம்? நெற்றியில் திருநீறு இட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து, சாமி பெயரைச் சொல்லி ஊதுவோம். அதையே செய்தேன். வெள்ளிக்கிழமை காலை, குளித்து, ஈ விடுவதற்கு முன்னால், ஒன்பதாம் கூண்டைத் திறந்து, நாற்றுகளின் மட்டத்துக்குக் குனிந்து, ஐந்தெழுத்தைச் சொல்லி ஊதினேன். இலைக்கு மேலும் கீழும் புகையாகப் பரவிப் படிந்தது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

மற்ற ஒன்பது கூண்டுக்கும் ஊதவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நோய் பிடித்த செடியும் வேண்டும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷ ஆராய்ச்சி அனுபவம் இல்லையா? மற்றவை நோயில் விழத்தான் வேண்டும், ஒன்பது மட்டும் நிற்க வேண்டும் என்று சாமியிடமும் விளக்கமாகவே சொல்லியிருந்தேன். எனக்கு அறிவு கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் எல்லாக் கூண்டுக்கும் ஊதியிருப்பேன். அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஒன்பது நின்றது.

சுற்றிலும் எல்லாம் எலுமிச்சை மஞ்சளாகிக் கிடக்க, ஒன்பதாம் கூண்டு கரும்பச்சையாக நின்றது. பாப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடி விதைத்தோம். மறுபடி நான் ஊதினேன். மறுபடி நின்றது. மூன்றாம் தடவையும் அப்படியே. எட்டு மாதம். இலையைச் சீவிப் பார்த்தால் ஒன்பதில் சின்னப் புள்ளிகள் முழுசாக, சிதறாமல், பூ மாதிரி. பாப்பா படம் படமாக எடுத்துச் சுவரில் ஒட்டியது. நோட்டில் நான் இடது பக்கம், 'ஒன்பது மஞ்சளாகவில்லை' என்று எழுதினேன். வலது பக்கம், 'சாமி அருள்' என்று எழுதி, அப்புறம் அழித்துவிட்டேன். வேண்டுதலை வெளியில் சொல்லக் கூடாது. சொன்னால் பலன் போய்விடும் என்று எங்கள் வீட்டில் பழக்கம்.

கலியபெருமாள் சாருக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"நிஷா, ஒன்பதுல வைரஸ் எவ்வளவு இருக்கு?"

"இல்லவே இல்ல சார். துளிகூட இல்ல."

"அதுதாங்க பயமா இருக்கு. உள்ள வந்த திருடனைப் புள்ளி தடுத்துச்சுன்னா ஒரு அடிச்சுவடாவது இருக்கணும். இங்க திருடன் தெருவுக்கே வரல போலிருக்கு." கண்ணாடித் தகட்டை மறுபடி பார்த்தார். "இலை மேல இது என்ன, வெள்ளையா குருணை குருணையா?"

"தொட்டி மண்ணுத் தூசியா இருக்கும் சார்."

"இருக்குமா, இருக்கா?"

நான் தகடுகள் அடுக்கிய தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நெற்றியில் மூன்று பட்டையாக, அதே பொட்டலத்துத் திருநீறு. சார் தலையைத் தூக்கி என் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவர் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் என் வாய் இன்னொரு வேலை செய்திருந்தது. ஒன்பதைப் பற்றி கோவிந்தராசுவிடம் அளந்துவிட்டேன். அவன் நேராக நிலையத்துக்கு வந்து சாரைப் பார்த்து, ஒன்பதாம் நம்பர் விதையை ஒரு சோதனையாகத் தன் வயலில் போட ஆசைப்படுவதாகக் கேட்டான். வயலில் பார்த்தால்தான் தன் சந்தேகமும் தீரும் என்று சாரும் ஒப்புக்கொண்டார். இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் இருந்தது. நெல் நிற்கும்போதே தெளித்தாக வேண்டும்.

அந்த ஞாயிறு காலை கோவிந்தராசு வீட்டுக்கு வந்து, விதையை எப்போது எடுத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டிருந்தான். நான் கொல்லைப்புறம் போனேன். தனம் வெந்நீர் அடுப்புச் சாம்பலை முறத்தில் எடுத்துக்கொண்டு, பனி ஈரம் காயாத அவரைக்கொடி மேல் கையால் தூவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"தெரியலையா? அசுவினி அப்பிக் கெடக்கு. சாம்பல் போட்டா ஒரு பூச்சி உக்காராது."

நான் அப்படியே நின்றேன். என் தாயும் அதைத்தான் செய்தாள். தெருவில் கத்தரி வைத்திருக்கும் ஒவ்வொருத்தியும் செய்கிறாள். இத்தனை வருஷம் பூச்சி வளர்த்த எனக்கு மட்டும் அது ஞாபகம் வரவில்லை. கோயிலில் கொடுத்ததால் அது சாம்பல் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

"தனம், திருநீறு எதுல செய்யுறாங்க?"

"சாணியைச் சுட்டுத்தான். ஏன்?" என் முகத்தைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "என்ன செஞ்சு தொலைச்சீங்க?"

சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தப் புள்ளை படிப்பு?" என்றாள். "என் தம்பி வயலு?"

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பாப்பாவுக்குப் பட்டம் கிடைக்கும். மச்சினன் வயல் மஞ்சளானால், வயலில் வேறு காரணம் இருக்கும் என்பார்கள். யாருக்கும் தெரியாது. சாமிக்குத் தெரியும். ஆனால் சாமியை விட, 'பார்த்தீங்களா, நினைச்சீங்களா' என்று அந்த மனிதர் கேட்டால் என்ன சொல்வேன் என்பதுதான் அன்று என்னை அரித்தது. பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு, சாமி படத்தை நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிட்டேன்.

திங்கள் காலை நோட்டைத் திறந்து, இடது பக்கத்தில் எழுதினேன். ஊதிய வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றும். எத்தனை சிட்டிகை. எந்தக் கூண்டு. கடைசியில், 'ஒன்பதாம் கூண்டில் விபூதி ஊதியதை நான் பார்த்தேன். ஊதியது நான்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சார் மேஜையில் வைத்தேன்.

இரண்டு தடவை படித்தார். சட்டைக் கை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"ஈ விடுறதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"இருக்குமா?"

"இல்ல சார். சரியாத் தெரியல. நினைக்கிறேன்."

"அப்ப வலது பக்கம் எழுதுங்க. இலை அடியிலயும் படிஞ்சுதா?"

"படிஞ்சுது சார். பார்த்தேன்."

"விட்டுப்போன கூண்டு ஏதாவது உண்டா?"

"ஒன்பதைத் தவிர எல்லாம் விட்டுப்போச்சு சார். வேணும்னே விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கணும்னு."

அவர் வாய்க்குள் ஏதோ அசைந்தது. சிரிப்போ கோபமோ, எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியாது. நிஷாவைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தார்.

பாப்பா நின்றுகொண்டே படித்தது. நேராக வெள்ளை ஈ அறைக்குப் போய் ஒன்பதாம் கூண்டுக்கு எதிரே நின்றது. நான் பின்னாலேயே போனேன். வேறு எங்கே போவது?

"எட்டு மாசம் அண்ணே."

"தெரியும் பாப்பா."

"உங்க சாமிகிட்ட சொல்லுங்கன்னுதானே சொன்னேன். தூவுங்கன்னா சொன்னேன்?"

நான் கைகட்டி நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியது. கிழிக்கவில்லை. ஓரம் மடங்காமல் எடுத்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

சார் வாசலில் வந்து நின்றார். "நிஷா, நீங்க எட்டு மாசம் பார்த்தது எதுவும் பொய் இல்லைங்க. சாம்பல் போட்டா ஈ உக்காராதுன்னு சுத்தமா நிரூபிச்சிருக்கீங்க. கஷ்டம் என்னன்னா, அது இந்த ஜில்லாவுல எல்லா வீட்டுலயும் ஏற்கெனவே தெரியும்."

பாப்பா அழுகையும் சிரிப்புமாக முந்தானையில் முகம் துடைத்தது. "திரும்ப விதைக்கலாமா சார்?"

"நாளைக்கே."

பிறகு என்னைப் பார்த்தார். "வைத்திலிங்கம், கும்பிடுறதை விட்டுடாதீங்க. கூண்டுக்கு வெளியில நின்னு கும்பிடுங்க. அவருக்கு உள்ள போக வழி தெரியும்."

கோவிந்தராசுவுக்கு விதை போகவில்லை. அவனிடம் நானே சொன்னேன். "பரவாயில்ல மாமா," என்றான். "உங்க சாமியை ரெண்டு மா நிலத்துக்கும் ஊதச் சொல்லுங்க, பழைய விதையே போடுறேன்." இன்றைக்கும் எந்த வீட்டு விசேஷத்திலும் திருநீற்றுத் தட்டை முதலில் என்னிடம்தான் நீட்டுகிறான், ஊதிக் கொடுங்கள் என்று.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து புது ஏற்பாடு. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு உள்ளங்கையையும் நிஷா பாப்பாவிடம் காட்டிவிட்டுத்தான் கூண்டைத் தொட வேண்டும். நான் ஈ உறிஞ்சி விட்டு முடிக்கும் வரை பாப்பா பக்கத்தில் நின்று என் கையையே பார்க்கும். நான் மூச்சு விட்டால்கூடக் கூண்டுப் பக்கம் விடாமல் திரும்பி விடுவேன்.

பன்னிரண்டாம் நாள் ஒன்பது மஞ்சளானது. மற்றவை போலவே, எந்த வித்தியாசமும் இல்லாமல். பாப்பா குறித்துக்கொண்டது. நானும் இடது பக்கம் எழுதினேன்: 'ஒன்பது மஞ்சள்.' அந்த இரண்டு வார்த்தை எழுத எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

சார் செடிகளைப் பிடுங்க வேண்டாம் என்றார். "விழுந்ததைப் பார்த்தாச்சு. எழுந்திருக்குதான்னும் பார்த்துடுவோம்."

தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூன்று வாரம் கழித்து, மற்ற கூண்டுகளில் புது இலையும் மஞ்சளாகவே வந்தது. ஒன்பதில் சில செடிகளில் மட்டும் கொழுந்து பச்சையாக வந்தது. கொஞ்சம் தேமல் இருந்தது, ஆனால் பச்சை. நான் நினைக்கிறேனா என்று மூன்று தடவை பார்த்தேன். அப்புறம்தான் கூப்பிட்டேன்.

அந்தக் கொழுந்தைச் சீவி, சாயம் ஏற்றி, பாப்பா வெகுநேரம் பார்த்தது. சார் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, "நீங்க பாருங்க வைத்திலிங்கம்" என்றார்.

கண்ணிமை தெரியாத தூரத்தில் கண்ணை வைத்தேன்.

"என்ன தெரியுது?"

"சின்னப் புள்ளி இருக்கு சார். கலையல." இன்னொரு தடவை உற்றுப் பார்த்தேன். "பச்சையும் இருக்கு. அந்தச் சின்னப் புள்ளிக்குள்ள இருக்கு. பெரிய புள்ளி மேல அப்பல."

"நினைச்சீங்களா?"

"பார்த்தேன் சார்."

"எழுதுங்க" என்றார். அவ்வளவுதான். அவரிடமிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அது.

திருடன் வந்திருக்கிறான், டீக்கடைக்குள்ளும் இருக்கிறான், ஆனால் கடை அவன் கையில் இல்லை. அதைத்தான் பாப்பா எழுதிப் பட்டம் வாங்கியது. புள்ளி பிடித்து வைத்ததால் செடி தேறியதா, செடி தேறியதால் புள்ளி நிலைத்ததா என்பது இன்னும் தெரியாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறதாம். வயலில் உளுந்து இன்றைக்கும் மஞ்சளாகத்தான் செய்கிறது. கோவிந்தராசு இன்றைக்கும் கேட்கிறான். இருந்தாலும் விழுந்த செடி எழுந்திருக்க உள்ளே ஒரு இடம் இருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாமி செய்வதை ஒரு சிட்டிகை சாம்பலில் செய்து முடிக்கப் பார்த்தவன், அவர் செடிக்குள் ஏற்கெனவே செய்து வைத்திருந்ததைப் பார்த்தேன். என் பக்திக்கு அது போதும்.

தர்ஷினிக்கு இதை அனுப்புவதற்கு முன்னால், அந்த வரியை எடுக்கலாமா என்று எழுதியவரையே கேட்டுவிடுவோம் என்று நேற்று நிஷா பாப்பாவுக்குப் போன் செய்தேன். இப்போது வெளி மாநிலத்தில் பெரிய விஞ்ஞானி. அதன் கீழே நாலு மாணவர்கள்.

"வெள்ளை ஈ ரூமே இல்லையாம் பாப்பா. எடுத்துடச் சொல்லிடவா? எனக்கும் கொஞ்சம் மானம் மிஞ்சும்."

"எடுக்கச் சொல்லாதீங்க அண்ணே." சிரித்தது. "அந்த தீசிஸ்ல எத்தனையோ பக்கம் எழுதுனேன். பாதி, இப்படி இருக்கலாம், அப்படி இருக்கலாம்னுதான். ஆனா அந்த ஒரு வரி மட்டும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பக்கத்துல நின்னு, உங்க கையைப் பார்த்துப் பார்த்து எழுதுனது."